கையெழுத்துப் பக்கம்

மடியில இருக்கறது லேப்டாப்தானே தம்பி? அதை மேல வச்சுராதீங்க. செம்பட்டி தாண்டற வரைக்கும் இந்த பஸ் குலுக்குற குலுக்குல மேல இருக்கற சாமான் பூராம் தலையில வந்து விழும். நடுவுல வச்சுக்கங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன்.

கம்ப்யூட்டர் வேலையா? நல்லதாப் போச்சு. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். ஒரு ஃபைல் இருக்கு. ஒரு ப்ரோகிராம்ல அடிச்சது. அடிச்ச இடத்துல அம்சமா நிக்குது. அதையே கொண்டுபோய் இன்னொரு ப்ரோகிராம்ல தொறந்தா ஆளே மாறிப் போயிருது. பத்தி நம்பர் மாறுது, மார்ஜின் போயிருது, தமிழ் எழுத்துல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்குது. ஏன் அப்படி? நானும் பல பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தர் ஃபாண்டுங்கறார், ஒருத்தர் வெர்ஷன்ங்கறார், ஒருத்தர் நீங்க அப்பவே பிடிஎஃப்பா மாத்தி வச்சிருக்கணும் சார்ங்கறார். வச்சிருக்கணும்னு இப்பச் சொல்லி என்ன பண்றது.

இல்ல இல்ல, அவசரம் ஒண்ணும் இல்லை. முடிஞ்சுபோன விஷயம்தான். திண்டுக்கல் வரைக்கும் வர்றீங்கல்ல? சொல்றேன்.

என் பேர் தணிகாசலம். திண்டுக்கல்ல வக்கீலா இருக்கேன். கோர்ட்ல நின்னு சத்தம் போடற வக்கீல் இல்லை, எனக்கு அது வராது. எனக்கு வர்றது பேப்பர். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், ஒப்பந்தம் இந்த மாதிரி. என் பேப்பரைக் கையில வாங்கின உடனே தெரியும் தம்பி, இது தணிகாசலம் ஆபீஸ்ல இருந்து வந்ததுன்னு. இடது பக்கம் தைக்கறதுக்கு இடம் விட்டிருப்பேன். பத்திக்குப் பத்தி நம்பர். தலைப்பு நடுவுல. சொத்து விபரம் தனிக் கட்டத்துல, நாலு எல்லையும் நாலு வரியில. அப்புறம் முக்கியமா, கையெழுத்து மட்டும் தனியா ஒரு பக்கத்துல போய் நிக்கக்கூடாது. கையெழுத்துக்கு மேல கடைசிப் பத்தியில ரெண்டு வரியாவது இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து, முன்பக்கத்தை எல்லாம் உருவிட்டு வேற வச்சுட்டாங்கன்னு கேஸ் போடுவான். சட்டத்துல அப்படி ஒண்ணும் கண்டிப்பு இல்லை. ஆனா நான் அப்படித்தான்.

இங்க இருந்த முன்சீப் ஒருத்தர், ஓபன் கோர்ட்டுல வச்சு, இந்த மாதிரி பேப்பர் வந்தா படிக்கவே ஒரு சுகமா இருக்குன்னார். அதை எங்க வீட்டம்மா கோகிலாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். ஆரம்பிச்சாலே எழுந்திருச்சு அடுப்படிக்குப் போயிருவா.

கிருபாநிதின்னு எனக்கு ஒரு சினேகிதன். தீயணைப்பு நிலையத்துல வண்டி ஓட்டினவன். எங்களுக்குப் பழக்கம் வந்ததே ஒரு தீயிலதான். என் ஆபீஸ் அப்ப ஒரு பஞ்சு மெத்தைக் கடைக்கு மாடியில இருந்துச்சு. கீழ கடையில பத்திக்கிச்சு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தின டிரைவர், மாடியில என்ன இருக்குன்னு கேட்டான். கேஸ் கட்டுன்னேன். டிரைவருக்கு மேல ஏறுற வேலை கிடையாது தம்பி. ஆனா ஏறிட்டான். தண்ணி அடிக்கறதுக்கு முன்னாடி கட்டு கட்டாத் தூக்கிட்டு வந்து ரோட்டுல போட்டான். நனைஞ்சாலும் எரிஞ்ச மாதிரிதானே வக்கீலய்யான்னான். அன்னிலேருந்து சினேகிதம். கொஞ்ச நாள்ல வக்கீலய்யா போய் தணிகா ஆயிட்டேன். சாயங்காலமானா ரெண்டு பேரும் பேகம்பூர் பக்கம் ஒரு கடையில டீ குடிப்போம். பேசிக்கிட்டே இருப்போம்னு நினைக்காதீங்க. அவன் பேப்பர் பாப்பான், நான் ரோட்டைப் பாப்பேன். அப்படி ஒரு சினேகிதம்.

அவன் சம்சாரம் முன்னாடியே போயிருச்சு. ரெண்டு பையன். பெரியவன் பெனடிக்ட், கோயமுத்தூர்ல பம்பு செட் கம்பெனியில நல்ல வேலை, அங்கேயே வீடு வாசல். சின்னவன் ஜெரோம் அப்பாகூட மேட்டுப்பட்டி வீட்டுல இருந்தான். அவன் சம்சாரம்தான் அமலோற்பவம். கல்யாணம் ஆகி ரொம்ப நாள் இல்லை, ஜெரோம் பைக்குல போனவன் லாரியில மாட்டி இறந்துட்டான். குழந்தை இல்லை. அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா கிடையாது, அண்ணன் வீடுதான். அண்ணன் வந்து கூப்பிட்டான். கிருபா அவகிட்ட, இது உன் வீடும்மா, போகணும்னா போ, இருக்கணும்னா இருன்னுட்டான். அவ இருந்துட்டா. முன் ரூம்ல தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைச்சா. கிருபாவுக்குக் கல்லீரல் கெட்டுப்போய் வயிறு வீங்க ஆரம்பிச்சதுல இருந்து குளிப்பாட்டுறது, ஊட்டுறது எல்லாம் அவதான். பெத்த மக பண்ணுவாளான்னு தெரியாது.

ஒரு நாள், இன்னும் நடமாட்டம் இருந்தப்ப, ஆட்டோ பிடிச்சு என் ஆபீஸுக்கு வந்தான். தணிகா, வீடு அந்தப் புள்ளைக்கு, எழுதிருன்னான்.

எழுதித்தான் ஆகணும் தம்பி. எங்க இந்து சட்டத்துல இறந்துபோன மகனோட சம்சாரத்துக்கும் பங்கு உண்டு. கிறிஸ்தவங்களுக்கு வேற சட்டம். பிள்ளை இல்லாத விதவை மருமகளுக்கு மாமனார் சொத்துல எதுவும் வராது. உயில் இருந்தாத்தான் உண்டு. அதனால நான் சொன்னேன், கவலைப்படாத, இந்தத் திண்டுக்கல்ல இதுவரைக்கும் ஒருத்தனும் எழுதாத மாதிரி உனக்கு ஒரு உயில் எழுதித் தர்றேன்னு. மனசாரச் சொன்னேன்.

அப்ப என்கிட்ட சுகந்தின்னு ஒரு பொண்ணு டைப் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. பழைய கம்ப்யூட்டர், பழைய தமிழ் ஃபாண்டு, ஆனா அந்தப் பொண்ணு கை அதுக்குப் பழகியிருந்துச்சு. ரெண்டே பக்கம். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், ஒரு குறை சொல்ல முடியலை. கிருபா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டினேன். பூராம் கேட்டுட்டு, ஒண்ணு சேக்கணும் தணிகான்னான். என்னன்னேன். பெனடிக்ட் மனசு நோகக்கூடாது, அவன் மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவனுக்கு ஆண்டவர் புண்ணியத்துல தேவை இல்லை, அதனாலதான் எழுதலை, இதைச் சேருன்னான். நல்லதுடான்னேன். சட்டப்படியும் அது நல்லது. மூத்த மகனை மறந்துட்டு எழுதலை, நினைச்சுப் பார்த்துத்தான் எழுதியிருக்கார்னு ஆகும். சேத்துக் கொண்டுவர்றேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஒரு பத்தி. அது நடுவுல வரணும். அதுலதான் எல்லாம் ஆச்சு.

அதைச் சேக்கறதுக்குள்ள சுகந்திக்குக் கல்யாணம் ஆகித் திருப்பூர் போயிருச்சு. ஐப்பசி மழை, இடி வேற. கம்ப்யூட்டர் எரிஞ்சுபோச்சு. கோகிலாவோட அண்ணன் மகன் வந்து உள்ள இருந்த ஃபைலை எல்லாம் எப்படியோ வெளிய எடுத்து, ஒரு லேப்டாப்ல போட்டுக் குடுத்தான். அதுல வேற ப்ரோகிராம். இதுவும் அதே மாதிரிதான் மாமா, எல்லா ஃபைலும் தொறக்கும்னான். தொறந்துச்சு. தொறக்காம இல்லை. ஆனா உள்ள தமிழே இல்லை தம்பி. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமா என்னமோ இருக்கு. கிருபாநிதிங்கற பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஆச்சரியக்குறி நிக்குது.

ஃபாண்டைத் தேடிப் பிடிச்சு ஏத்தினோம். எழுத்து வந்துச்சு. நம்பர் போயிருச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருந்தது ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு நிக்குது. சொத்து விபரக் கட்டம் பேப்பரை விட்டு வெளிய போயிருச்சு. மேற்கு எல்லையையே காணோம். பிரிண்ட் எடுத்தா கிழக்கு, வடக்கு, தெற்கோட நின்னுருது. நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை.

கோர்ட் வாசல்ல டிடிபி கடைக்குக் கொண்டுபோனேன். அவங்ககிட்ட இன்னொரு ப்ரோகிராம். பழைய எழுத்தைப் புது எழுத்தா மாத்தறதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. மாத்தினாங்க. கிருபா கேட்ட பத்தியையும் நடுவுல அடிச்சுச் சேத்தாங்க. கட்டம் உள்ள வந்துச்சு. நம்பர் சரியாச்சு. ஆனா அமலோற்பவம்ங்கற பேர் உடைஞ்சு போச்சு. கொம்பு தனியா, ல தனியா, கால் தனியா. யாருக்கு எழுதறோமோ அவ பேரே இல்லை. அதைத் திருத்தினா வேற எங்கயோ ஒரு எழுத்து போகுது. எங்க போச்சுன்னு வரி வரியாப் படிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

அப்ப என்கிட்ட நாகஜோதின்னு ஒரு ஜூனியர் இருந்துச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. அதோட வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துச்சு. அங்க எழுத்தும் சரி, நம்பரும் சரி. கையெழுத்து மட்டும் மூணாவது பக்கத்துல போய்த் தனியா நிக்குது. மேல ஒரு வரி கிடையாது. மொட்டையா.

நாகஜோதி சொல்லுச்சு, "சார், பேசாம வெள்ளைத்தாள்ல கையால எழுதிக் கையெழுத்து வாங்கிரலாம். அப்புறம் நிதானமா டைப் பண்ணி இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

சட்டப்படி அது சரிதான். உயிலுக்கு டைப் வேண்டாம், பத்திரத்தாள் வேண்டாம், ரிஜிஸ்டர் பண்ணணும்னுகூட இல்லை. எழுதினவர் கையெழுத்து, ரெண்டு சாட்சி, அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா. ஆனா இது யார் உயில்? கிருபாவோடது. கையால கிறுக்கின ஒரு தாளை நான் குடுத்தா, சினேகிதன்தானேன்னு அசட்டையா எழுதிட்டான்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா? தெரியாதவனுக்கெல்லாம் அழகா எழுதிக் குடுத்துட்டு, எனக்காக நெருப்புல ஏறினவனுக்கு இப்படியா? அந்தப் பொண்ணுக்கு அது புரியலை. சின்ன வயசு.

புதுசா ஒண்ணு அடிச்சிருக்கலாமேன்னு கேக்க வர்றீங்க. கோகிலாவும் அதைத்தான் கேட்டா. எனக்குத் தமிழ் டைப் வராது. வெளிய குடுத்து அடிக்கலாம், ஆனா சுகந்தி அடிச்ச மாதிரி வராது. அதுவும் போக, அடிச்சு வச்சது நல்லா இருக்கும்போது எதுக்கு மறுபடியும்? அது உள்ள நல்லாத்தானே இருந்துச்சு. தொறக்கற இடம்தானே சரியில்லை.

கல்லறைத் திருநாள் நெருங்கின சமயம். நாகஜோதி வீட்டுல எடுத்த பிரிண்டைக் கையில வச்சுக்கிட்டு கிருபாவைப் பார்க்கப் போனேன். கையெழுத்து வாங்கணும்னு போகலை, எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு காட்டத்தான் போனேன். ஆனா நான் வர்றேன்னு தெரிஞ்சு, பக்கத்து வீட்டுக் கொத்தனார் சூசைமாணிக்கத்தையும் சர்ச்சுல மணியடிக்கற கோயில்பிள்ளையையும் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தான். சாட்சிக்கு. கட்டில்ல தலகாணி ரெண்டு வச்சு நிமிர்ந்து உக்காந்திருந்தான். முகம் மஞ்சளா இருந்துச்சு. சட்டைப் பையில பேனா.

நான் பேப்பரை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். மூணாவது பக்கத்தைக் காட்டினேன்.

"குடு, போட்டுர்றேன்"னு கை நீட்டினான்.

"இல்லடா, கையெழுத்து தனியா நிக்குது பாரு. நாளைக்குச் சரி பண்ணிக் கொண்டுவந்துர்றேன்."

"இப்படி இருந்தா செல்லாதா?"

"செல்லும். ஆனா உனக்கு நான் இப்படிக் குடுக்க மாட்டேன்."

நீட்டின கையை மடக்கிக்கிட்டான். அப்புறம் சிரிச்சான். "சரி, உன் இஷ்டம்"னு பேனாவை மறுபடி பையில சொருகிக்கிட்டான். என்னை விட்டுக்குடுக்க மாட்டான் தம்பி, அவன் எப்பவுமே அப்படித்தான்.

அமலோற்பவம் காபி டம்ளரோட கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. எல்லாருக்கும் காபி குடுத்துட்டு உள்ள போயிருச்சு. நான் அதைப் பின்னாடி எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இன்னிக்கே போட்டுரட்டும் சார்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். இதை கோகிலாகிட்ட சொன்னப்ப அவ கேட்டா, எனக்கு எழுதின உயில்ல கையெழுத்து வாங்குங்கன்னு அந்தப் பொண்ணு எந்த வாயால கேக்கும்னு. அதுவும் ஒரு நியாயம்தான்.

மறுநாள் விடிஞ்சதும் கிருபா ரத்தமா வாந்தி எடுத்தான். பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. அதுக்குள்ள நினைவு தப்பிருச்சு.

எனக்குச் செய்தி வந்தப்ப நான் டிடிபி கடையில இருக்கேன். அப்பதான், தம்பி, அது சரியா வந்துச்சு. அந்தக் கடைக்காரம்மா என்னமோ பண்ணி, வரிக்கு வரி இடைவெளியைக் குறைச்சு, கடைசிப் பத்தியை இழுத்துக் கையெழுத்துக்கு மேல கொண்டுவந்துட்டாங்க. பேர் சரி, நம்பர் சரி, நாலு எல்லையும் உள்ள. செய்தி கேட்டும் நான் பிரிண்ட் வர்ற வரைக்கும் நின்னு வாங்கிக்கிட்டுத்தான் போனேன். கெட்டித் தாள்ல எடுத்தேன். பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மழையில நனையாம சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோனேன்.

கட்டில் பக்கத்துல நின்னு எடுத்து ஒரு தடவை பூராம் படிச்சேன். ஒரு தப்பு இல்லை. இவன் கண்ணைத் தொறந்தா காட்டணும்னு நின்னேன். அன்னிக்குப் பூராம் நின்னேன். அடுத்த நாளும் போனேன். சூசைமாணிக்கம் என்னை வராண்டாவுக்குத் தள்ளிட்டுப் போய், சார், கட்டைவிரலைப் பிடிச்சு வச்சுரலாம், யாருக்குத் தெரியப் போகுது, புள்ளைக்கு ஒரு வழி பொறக்கும்னார். நான் முடியாதுன்னுட்டேன். நினைவில்லாத மனுசன் விரலைப் பிடிச்சு ரேகை வைக்கறது குற்றம். நான் வக்கீல். அதைச் செய்ய மாட்டேன். அதுல நான் சரிதானே? அதுல யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது.

திரும்ப உள்ள வந்தப்ப அமலோற்பவம் ஈரத்துணியால அவன் கையைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன். நிமிர்ந்து பார்த்துச்சு.

"அதை உள்ள வைங்க சார், தண்ணி பட்டுரும்"னு சொல்லுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு.

அந்த வாரமே கிருபா போயிட்டான். மேட்டுப்பட்டிக் கல்லறையில சம்சாரம் பக்கத்துல இடம் வச்சிருந்தான். பெனடிக்ட் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் கெட்டவன் இல்லை தம்பி. அதையும் சொல்லணும். காரியமெல்லாம் முடிஞ்ச பின்னாடி என் ஆபீஸுக்கு வந்து, அப்பா உங்ககிட்ட ஏதோ எழுதச் சொன்னாராமேன்னு கேட்டான். எடுத்துக் குடுத்தேன். நிதானமாப் படிச்சான். அவனைப் பத்தி எழுதின பத்தி வந்ததும் நிறுத்திட்டான். அதை மறுபடியும் படிச்சான். கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அப்பாவுக்கு என் மேல வருத்தம் இருக்குமோன்னு இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார், இப்பத்தான் மனசு ஆறுச்சுன்னான்.

அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

"கையெழுத்து இல்லையே சார்."

"இல்லை."

"இருந்திருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

அந்தப் பத்தி இருக்கற பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துக் குடுத்தேன். ரொம்ப அழகா இருக்கு சார்னு சொல்லிட்டுப் போனான். தை மாசம் வீட்டை வித்துட்டான். அமலோற்பவத்தைக் கோயமுத்தூருக்கு எங்ககூட வந்து இருன்னுதான் கூப்பிட்டான். அது போகலை. தையல் மிஷினை ஒரு லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, இங்க வத்தலக்குண்டுல சிஸ்டர்ஸ் நடத்துற ஒரு பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டலுக்கு வார்டனா வந்துருச்சு. போறப்ப நான் போய் நிக்கலை. அன்னிக்கு எனக்கு நிலக்கோட்டை கோர்ட்டுல கேஸ் இருந்துச்சு.

நாகஜோதியும் பின்னாடியே போயிருச்சு. தனியா ஆபீஸ் போடறேன்னு சொல்லுச்சு. என்ன காரணம்னு கேட்டேன், ஒண்ணும் இல்லை சார்னுச்சு. இப்ப அந்தப் பொண்ணு எழுதற பேப்பரைப் பார்க்கறேன். மோசமில்லை. மார்ஜின்தான் கொஞ்சம் குறைவு. கோகிலாவும் முன்ன மாதிரி இல்லை. நான் லேப்டாப்பைத் தொறந்தா அந்த ரூம்ல இருக்க மாட்டேங்கறா. சாயங்காலம் டீக்கடைக்குத் தனியாத்தான் போறேன். பேப்பர் கிடக்கும். எனக்குப் படிக்கற பழக்கம் இல்லை.

இன்னிக்கு அமலோற்பவத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் முதல் தடவை. ஏன் அப்படி ஆச்சுன்னு அந்தப் பொண்ணுக்கு யாருமே விளக்கிச் சொல்லலையே, நாமதானே சொல்லணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. தெரியாமலே மனசுல வேற ஏதாவது நினைச்சுக்கிட்டு இருந்தா?

பார்வையாளர் ரூம்ல உக்கார வச்சுச்சு. இளைச்சுத்தான் இருக்கு. ஓரத்துல நரை வந்துருக்கு. சௌக்கியமான்னு கேட்டுச்சு, வீட்டுல கோகிலாம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டுச்சு. நான் ஆரம்பிச்சேன். பழைய ஃபாண்டுல ஆரம்பிச்சு, கம்ப்யூட்டர் எரிஞ்சது, லேப்டாப்ல நம்பர் போனது, கடையில அது பேர் உடைஞ்சது, மூணாவது பக்கம், எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். உங்ககிட்ட சொன்ன மாதிரியேதான். ப்ரோகிராம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைம்மா, அதான் நடந்ததுன்னேன். புரிஞ்சுதாம்மான்னேன். புரியுது சார்னு தலையாட்டுச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

டீ கொண்டுவந்து குடுத்துச்சு. குடிச்சு முடிச்ச பின்னாடி, "சார், உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. இருக்கும்மான்னேன். உள்ள போயிட்டு, ஹாஸ்டல் பெரிய சிஸ்டரைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கையில ஒரு தாள். கோடு போட்ட தாள், புள்ளைங்க பரீட்சை எழுதற மாதிரி. நீல மையில இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுதியிருக்கு.

உயில் தம்பி. அதோடது.

லீவு விட்டா எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போக ஆள் வருமாம். வசந்தமலர்னு ஒரு புள்ளைக்கு மட்டும் யாரும் வர்றது இல்லையாம். அது இவளோடவே இருந்துக்குமாம். தையல் மிஷினும், கம்மலும், ஜெரோம் பேர்ல இருந்து அதுக்கு வந்த போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டும் அந்தப் புள்ளைக்குன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான் சொத்து. நாற்பது வயசுகூட ஆகலை அதுக்கு. என்னம்மா இப்ப போய், உடம்புக்கு ஏதாவதுன்னு கேட்டேன். உடம்பு நல்லாத்தான் சார் இருக்குன்னுச்சு.

படிச்சுப் பார்த்தேன். தலைப்பு ஓரத்துல கிடக்கு. பத்தி பிரிக்கலை. மார்ஜின்னு ஒண்ணு விடவே இல்லை. எனக்குத் தாங்கலை. ஆசையாத்தான் சொன்னேன்.

"இதை என்கிட்ட குடும்மா. நான் கொண்டுபோய் அழகா டைப் பண்ணி அடுத்த வாரம் எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம் சார். இதுலயே சாட்சிக் கையெழுத்துப் போட்டுருங்க."

குரல் உசத்தலை. கோவமும் இல்லை. எங்க ரெண்டு பேர் முன்னாடியும் உக்காந்து முதல்ல அது கையெழுத்துப் போட்டுச்சு. அப்புறம் சிஸ்டர் போட்டாங்க. அப்புறம் தாளை என் பக்கம் திருப்பி வச்சு, பேனாவை நீட்டுச்சு. நீட்டின கையை எடுக்கலை. நான் வாங்கற வரைக்கும் நீட்டிக்கிட்டே இருந்துச்சு.

எங்க போடறதுன்னு பார்த்தேன் தம்பி. அடி வரைக்கும் எழுதிருச்சு. சிஸ்டர் பேருக்குக் கீழ ஒரு விரல் அகலம்தான் மிச்சம். தணிகாசலம்னு என் பேரை முழுசா எழுத அங்க இடமே இல்லை. தணிகான்னு பாதியோட நிறுத்திட்டேன்.